சிக்கிய தட்டு

பினாங்கின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில், லெபோ பாசார் என்னும் கடைத்தெருவைக் கண் காணுமுன் காது கண்டுகொள்ளும். அத்துணைத் தமிழ்ப் பாடல்கள் அங்கு ஒலிக்கும். குறுந்தட்டுகள் மலிந்திருந்த நாளில், அங்கு வாங்கிய தட்டுகள் பல காரிலேயே சுழன்றன. 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலத்தைக் கடக்கப் பாட்டினும் நல்ல துணை வேறுண்டோ? இன்று கைப்பேசியே பாடுகிறது. எனினும் பழைய கார்களின் வழிகாட்டி இசைக்கருவிகளில் தட்டுகள் இன்னும் உள்ளன. உள்ளே சிக்கிக்கொள்வதும் உண்டு.

சிக்கியது திரைப்பாடலாயின் இழப்பு சிறிது. மறைந்த பாட்டியின் தாலாட்டைப் பதிந்து வைத்த ஒரே தட்டாயின் என் செய்வது? அதனை எந்தக் கடையிலும் மீண்டும் வாங்க இயலாது. அந்நிலையில்தான் மனிதர் பதறுவர். கத்தியையும் இடுக்கியையும் தேடுவர். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி நினைவுக்கு வரவேண்டிய இடம் இதுவே.

தட்டு ஏன் சிக்குகிறது? அதன் விட்டம் 12 சென்டிமீட்டர், தடிப்பு 1.2 மில்லிமீட்டர். ரப்பர் உருளை ஒன்று அதனை உள்ளே இழுத்து, மீண்டும் வெளியே தள்ளுகிறது. ரப்பர் தேய்ந்தால் பிடி தளரும். முன்னதை எடுக்காமல் மற்றொன்றைச் செருகினால் இரண்டும் நெரியும். யாவற்றினும் வியப்பானது, மேலே ஒட்டிய பெயர்த்தாள். வெயிலில் நிற்கும் காரின் வெப்பத்தில் பசை இளகும், தாளின் ஓரம் எழும்பும், அதுவே தடையாகும். அருமை கருதி, அழகாகப் பெயர் எழுதி ஒட்டிய தாளே தட்டைச் சிறைப்படுத்துகிறது!

மீட்கும் வழி எளியது. முதலில் கருவி குளிரட்டும். பின்பு வானொலி மட்டும் இயங்கும் நிலைக்குச் சாவியைத் திருப்பி, வெளியேற்றும் பொத்தானைச் சில நொடிகள் விடாது அழுத்திப் பார்க்கலாம். பேட்டரியின் இணைப்பைச் சிறிது நேரம் நீக்கி மீண்டும் பூட்டுவது அடுத்த வழி. ஆனால் இங்கோர் எச்சரிக்கை வேண்டும். ஜப்பானில் ஓடியபின் மலேசியாவுக்கு இறக்குமதியான கார்களின் கருவிகளுள் சில, மின்சாரம் அறுந்தால் இரகசிய எண்ணையோ வரைபடத் தட்டையோ கேட்டு முடங்கிவிடும். ஆதலின் அவற்றை முன்னரே தேடி வைத்தல் நன்று.

இவ்விரண்டும் பயன் தராவிடில், மின் இணைப்பை நீக்கிவிட்டுக் கருவியைக் கழற்ற வேண்டும். மேல்மூடியின் சிறு திருகுகளை அகற்றினால் தட்டு கண்ணுக்குப் புலப்படும். பல கருவிகளில் பற்சக்கரத்தை விரலால் மெல்லத் திருப்பினாலே அது வந்துவிடும். இது கைதேர்ந்தவர் செய்யத்தக்க பணி. கத்தியை நுழைத்தாலோ, உருளை கிழியும், ஒளிக்கதிரின் வில்லை கீறப்படும், தட்டும் பழுதாகும்.

வகுப்பறையிலும் இவ்வுண்மை உண்டு. சொல் தொண்டையில் சிக்கி நிற்கும் மாணவன்மேல் அடுத்த வினாவைத் திணிப்பது, சிக்கிய தட்டின்மேல் மற்றொன்றைச் செருகுவதேயாகும். தடை யாதெனக் கண்டு நீக்கினால், உள்ளிருப்பது தானே வெளிவரும்.

மீண்ட தட்டை உறையிலிட்டு மறப்பதில் பயனில்லை. அன்றே படியெடுத்து இரண்டிடங்களில் வைத்தல் வேண்டும். பாட்டியின் குரல் ஓர் உருளையின் பிடியை நம்பி இருத்தல் தகாது.