குறிஞ்சிப்பாடி மேஸ்திரியின் பட்டறை

கடலூரிலிருந்து வடலூருக்குச் செல்லும் சாலையில், கைத்தறிக் கைலிகளுக்குப் பேர்போன குறிஞ்சிப்பாடியின் கடைவீதியைக் கடந்ததும், தகரக் கூரை வேய்ந்த ஒரு மோட்டார் பட்டறை இருக்கிறது. இன்றைய வண்டிகளின் கோளாறுகளைத் திரையில் காட்டும் கருவி எதுவும் அங்கே கிடையாது. ஆயினும் கல்யாண ஊர்வலத்துக்கென்று பேணப்படும் அம்பாசிடர்களும், தகப்பனார் ஓட்டியது என்பதற்காகவே விற்க மனம் வராத பிரீமியர் பத்மினிகளும், பழைய மாருதி 800-களும் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து அந்தப் பட்டறையைத் தேடி வருகின்றன. பழைய காருக்கு எந்தக் கூலன்ட் ஊற்றுவது, எந்தப் பெட்ரோல் போடுவது என்ற சாதாரணமான சந்தேகத்துடன்தான் கத்திரி வெயிலில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். கடையில் கேட்டால் டப்பாவின் நிறத்தைச் சொல்கிறார்கள். பங்கில் கேட்டால் விலையைச் சொல்கிறார்கள். சிறுவயதிலேயே ஸ்பானர் பிடித்து இப்போது அறுபதைக் கடந்துவிட்ட மேஸ்திரியோ, விடை சொல்லுமுன் என்னையே கேட்டார்: "உங்க வண்டி ரேடியேட்டர் பித்தளையா, அலுமினியமா சார்?"

இந்த ஒரு கேள்வியில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எந்தத் திரவமும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ அன்று. எந்த உலோகத்தை, எந்த ரப்பரை, எந்த ஈயப் பற்றை அது தொடப்போகிறது என்பதை அறிந்தவனே அதைத் தேர்ந்தெடுக்க உரியவன்.

அன்று பட்டறையில் நின்றிருந்த அம்பாசிடரின் ரேடியேட்டரைக் கழற்றி, மேல் டேங்கின் பற்றை ஊதுவிளக்கால் இளக்கிப் பிரித்து, உள்ளே பார்க்கச் சொன்னார். செம்மண் குழம்பைப்போலத் துரு படிந்திருக்க, நீர் இறங்கவேண்டிய மெல்லிய பித்தளைக் குழல்களில் பாதிக்குமேல் வெள்ளைச் சுண்ணம் கெட்டிப்பட்டு அடைத்துக் கிடந்தது. உடையவர் வருஷக்கணக்காகப் போர் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார். பையன் ஒருவன் ஒவ்வொரு குழலிலும் தட்டையான இரும்புப் பட்டையை விட்டு, குழல் கிழிந்துவிடாத சிரத்தையுடன் சுரண்டிக்கொண்டிருந்தான். கையின் அழுத்தம் சற்று மிகுந்தாலும் அந்தக் குழல் போய்விடும்.

பனி உறையும் தேசங்களில் கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலை நீரில் கலப்பது, நீர் உறைந்து என்ஜின் பிளந்துவிடாமல் இருப்பதற்காக. நம் பிரதேசத்தில் அந்தப் பயம் இல்லை. நமக்குக் கூலன்டால் கிடைக்கும் முக்கியப் பிரயோஜனம் துருவைத் தடுக்கும் மருந்துகளும், கொதிநிலை சற்று உயர்வதுமே. வெப்பத்தை ஏந்திச் செல்வதில் வெறும் நீரே கிளைக்காலைவிட வல்லது என்பதால், கெட்டியாக ஊற்றினால் நன்மை கூடும் என்று எண்ணுவது பிழை. பாதிக்குப் பாதிக்கு மேல் போவதில்லை மேஸ்திரி. அம்பாசிடருக்கு மூன்றில் ஒரு பங்கே போதும் என்கிறார். மீதிக்கு டிஸ்டில்டு வாட்டர் அல்லது வடிகட்டிய மழைநீர். பித்தளையும் ஈயப் பற்றும் உள்ள பழைய ரேடியேட்டருக்கு, சிலிக்கேட் முதலிய உப்புகள் சேர்ந்த பழைய வகைக் கூலன்டை ஊற்றி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறார். 1990-களில் பரவிய, நீண்ட காலம் உழைக்கும் கரிம அமில வகைகள் அலுமினிய ரேடியேட்டர்களை மனத்தில் கொண்டு எழுந்தவை. பழைய பற்றுகளுக்கு அவற்றை அவர் நம்புவதில்லை. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்பவை கம்பெனிகள் தாமாகச் சேர்க்கும் சாயங்களேயன்றி இலக்கணம் அல்ல, டப்பாவில் ஐ.எஸ். 5759 என்ற எண் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை. வடித்த கூலன்டைத் தரையில் விடாமல் மூடியுள்ள கேனில் சேர்த்து வைக்கிறார். இனிப்புச் சுவைக்காக நாய் நக்கினால் செத்துவிடும்.

பெட்ரோலின் கதை இன்னும் சிக்கலானது. அம்பாசிடர் பழைய மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்தது. அதன் வார்ப்பிரும்பு ஹெட், ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி உருவானது. 1921-ல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட அந்த ஈயக் கலப்பு, என்ஜினில் தட்டல் எழாமல் காத்ததோடு வால்வு சீட்டுக்கும் ஒரு கவசமாக இருந்தது. குழந்தைகளின் மூளையை வாட்டும் அந்த விஷம் 2000-ஆம் ஆண்டில் இந்தியாவெங்கும் ஒழிக்கப்பட்டது மகத்தான நன்மை. ஆனால் அதற்குப்பின் எக்ஸாஸ்ட் வால்வுகள் சீட்டைத் தேய்த்துக்கொண்டு உள்ளே இறங்க, டேப்பட் இடைவெளி குறுகிக் குறுகி வண்டி இழுவை இழந்ததை மேஸ்திரி பல வண்டிகளில் கண்டிருக்கிறார். லேத்தில் கொடுத்துக் கடினமான எஃகு வளையங்களைப் பதித்து அந்த வியாதியைத் தீர்த்தார்.

இப்போது வந்திருப்பது பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால். கோடுபோட்ட கண்ணாடி அளவையில் 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தார். சற்று நேரத்தில் அடியில் நின்ற நீரின் மட்டம் 25 மில்லியைத் தாண்டியிருந்தது. பெட்ரோலிலிருந்த எத்தனாலில் பெரும்பகுதியை நீர் தன்பால் இழுத்துக்கொண்டது. டேங்கில் ஈரம் சேர்ந்தாலும் இதுவே நடக்கும். அதோடு, பெட்ரோல் எரிய அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கே போதும். கணினி உள்ள புது வண்டி இதைத் தானே சரிசெய்துகொள்ளும். சோலெக்ஸ் கார்புரேட்டருக்கு அந்தப் புத்தி இல்லை. ஆகவே மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குகிறார். உப்பிப் பிசுபிசுத்த பழைய ரப்பர் ஹோஸ்களைக் களைந்து, எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களைப் பூட்டுகிறார். கோடையில் ஏ.சி. பம்ப் எனப்படும் எரிபொருள் பம்ப்பில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிட்டால், ஈரத் துணியைச் சுற்றும் பழைய வைத்தியம் இன்றும் பலிக்கிறது. விலையுயர்ந்த பவர் பெட்ரோல் வீண் என்பதும் அவர் தீர்ப்பு. இறுக்கம் குறைந்த இந்த என்ஜின்களுக்கு உயர்ந்த ஆக்டேன் தேவையே இல்லை.

எத்தனாலை நான் பழிக்கவில்லை. நெல்லிக்குப்பத்திலும் சேத்தியாத்தோப்பிலும் ஆலைகளுக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் மாவட்டம் இது. கரும்புக்கு இன்னொரு சந்தை கிடைப்பது உழவனுக்கு நல்லது. ஆனால் 20 சதவீதக் கலப்பைப் பற்றி 2021-ல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே, பழைய வண்டிகளின் நலனுக்காக 10 சதவீதக் கலப்பும் தொடர்ந்து கிடைக்கவேண்டும் என்று கருதியது. அது நடைமுறைக்கு வரவேண்டும். ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு பங்கில் ஒரு குழாயாவது அதற்கென்று ஒதுக்கப்படவேண்டும்.

நான் புறப்படும்போது அம்பாசிடரின் சொந்தக்காரர் வந்திருந்தார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் வண்டி ஷெட்டிலேயே கிடக்கும் என்றார். "கிடக்கட்டும் அண்ணே, ஆனா டேங்கை நிரப்பி வைங்க, பாதியில விட்டா ஈரம் புகுந்துடும். வாரம் ஒரு தடவை வடலூர் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. தண்ணி குறைஞ்சா போர் தண்ணி மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, டிக்கியில் வைத்துக்கொள்ளும்படி ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டரைக் கையோடு கொடுத்தார் மேஸ்திரி.