தோளில் தொங்கும் தொழிற்கூடம்

தச்சனுக்கு உளிப்பெட்டி உண்டு. நாவிதனுக்கு அடைப்பம் உண்டு. பொற்கொல்லன் தனது குறட்டையும் ஊதுகுழலையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று வேலை செய்த காலமும் ஒன்றிருந்தது. தொழிற்கூடத்தையே தோளில் சுமந்து திரிந்த அந்த வாழ்க்கை பழங்கதையாகிவிட்டதென்று பலரும் எண்ணுவர். ஆனால் எழுத்தையும் எண்ணையும் நம்பிப் பிழைப்போர் பலருக்கு அவ்வாழ்க்கை மீண்டும் வந்து சேர்ந்திருக்கிறது. மேசையும் கதிரையும் கந்தோரும் இல்லாமல், ஒரு பைக்குள் அடங்கும் கருவிகளைக் கொண்டு, தொலைவில் இருக்கும் ஒருவருக்கு வேலை செய்து கொடுக்கும் முறை 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின்னர் உலகெங்கும் பரவியுள்ளது. இதனைப் பெரிய விடுதலையென்று புகழ்வோர் உளர். அந்த விடுதலை யாருக்கு, எவ்வளவு, யாருடைய செலவில் என்பதை எமது சொந்தப் பையைத் திறந்து வைத்தே வாசகர்களோடு சேர்ந்து கணக்கிட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

கல்முனைக் கரையில் வாழும் எமக்கு இவ்வாழ்க்கையின் சாயல் முன்பே பழக்கமானது. ஒரு பக்கம் கடல்; மறு பக்கம் வயல். இடையிலுள்ள ஒடுங்கிய மணற்பரப்பில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. வீடு கரையில் இருக்க, வயலோ மேற்கே பல மைல் தூரத்தில் இருக்கும். ஆகவே விதைப்புக்கும் காவலுக்கும் வெட்டுக்கும் எமது விவசாயி வயலுக்குப் போய் வாடியில் தங்குவான். கம்பும் கிடுகும் கொண்டு நிறுத்திய குடிலே வாடி. அரிசி, சட்டி, பாய், விளக்கு, மண்வெட்டி ஆகியவற்றுக்கு மேல் அங்கே அதிகம் இராது. கரைவலைக்காரருக்கும் கடலோரத்தில் வாடியுண்டு. வாடிக்கு இலக்கணம் இரண்டுதான். வேலைக்கு வேண்டாத பொருள் அங்கே இருக்கக்கூடாது. வேண்டிய பொருள் இல்லாமற் போகவும் கூடாது.

வெள்ளிக்கிழமை மாலையில் நாம் பையுடன் பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது, ஆயுள் முழுவதும் வயலில் உழைத்த அயல்வீட்டு முதியவர் ஒருவர், "என்ன மாஸ்டர், வாடிக்கா பயணம்?" என்று கேட்பார். வேடிக்கையாகக் கேட்டாலும் அவருடைய சொல் பொருத்தமானதே.

வார நாட்களில் ஊரிலிருந்து தொலைவிலுள்ள ஓர் இடைநிலைப் பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறோம். வார இறுதியில் முதுமாணிப் படிப்புக்காகப் பேராதனை செல்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையில், கொழும்பிலுள்ள ஒரு பதிப்பகத்துக்கு நூல்களின் அச்சுப்படிகளைப் பிழை திருத்திக் கொடுக்கிறோம். இந்த மூன்றாவது வேலை பொழுதுபோக்குக்காக ஏற்றதன்று. 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. பின்னர் விலையேற்றத்தின் வேகம் தணிந்தது. ஏறிய விலைகளோ பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஆசிரியரின் சம்பளம் மாத முடிவுவரை வந்து சேருவதில்லை.

ஆகவே விடைத்தாளும் ஆய்வுக் குறிப்பும் அச்சுப்படியும் பஸ் வண்டியிலும், நண்பர் அறையிலும், ஆசிரியர் ஓய்வறையின் வாங்கிலும் பார்க்கப்படவேண்டியனவாயின. இதற்கேற்ற ஒரு வாடியைப் பைக்குள் அமைக்க முற்பட்டோம்.

பயணத்துக்கேற்ற எழுத்துக் கருவி எது என்று சிந்திக்கையில், தமிழ் கற்ற எவருக்கும் ஏடும் எழுத்தாணியும் நினைவுக்கு வராமற் போகா. ஏட்டில் எழுத மேசை வேண்டியதில்லை. இடக்கை ஏட்டைத் தாங்கும். அக்கையின் பெருவிரல் எழுத்தாணிக்கு அணைகொடுக்கும். மையும் உடனே வேண்டியதில்லை. கீறிய எழுத்தில் கரியைப் பின்னர் தடவிக்கொள்ளலாம். மடக்கெழுத்தாணியில் ஒரு முனை எழுத, மறு முனையிலுள்ள சிறு கத்தி ஏட்டை வார உதவும். ஒரு பொருள் இரு வேலை செய்யவேண்டும் என்ற பாடத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

மடிக்கணினியை வீட்டிலேயே விட்டோம். அதற்குக் காரணம் பாரம் மட்டுமன்று, மின்சாரமும் ஆகும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்களை எம்மவர் எவரும் மறந்திரார். நாம் வாங்கிய பவர் பேங்க்கின் மேல் 10,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருக்கிறது. உள்ளேயிருக்கும் மின்கலத்தின் 3.7 வோல்ற் அளவில் கணக்கிட்டால், அது 37 வாட் மணி மின்சாரமே. கைத்தொலைபேசிக்கு ஏற்ற 5 வோல்ற்றாக அதனை உயர்த்தும்போது ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். 5,000 மில்லி அம்பியர் மணி கொள்ளும் கைத்தொலைபேசியை அதைக் கொண்டு இரண்டு முறை நிரப்பலாமென்று பலர் எண்ணுவர்; ஒரு முறையும் சிறிது மேலதிகமுமே கிடைக்கும். 50 வாட் மணி கொள்ளும் மடிக்கணினியை ஒரு முறைகூட நிரப்ப அது போதாது. ஆகவே கைத்தொலைபேசியையும், அதனுடன் கம்பியின்றி இணையும் ஒரு சிறிய விசைப்பலகையையும் தெரிந்தெடுத்தோம்.

திரையைக் குனிந்து பார்த்தால் கழுத்து நோகும். மனிதனின் தலை ஏறத்தாழ 5 கிலோ நிறையுள்ளது; குனியக் குனியக் கழுத்துத் தசைகள் தாங்கும் சுமை பன்மடங்காகிறது. திரை உயரவேண்டும், விசைப்பலகை தாழவேண்டும். எமது வீடுகளில் குர்ஆன் ஓதுவதற்கு வைக்கும் மடக்குப் பலகை, ஆணியோ பிணைச்சலோ இல்லாமல் ஒரே பலகையிற் செதுக்கப்படுவது. அவ்வமைப்பையே பின்பற்றி, கைத்தொலைபேசிக்கென்று ஒரு சிறு தாங்கியை ஊர்த் தச்சர் ஒருவர் செய்து தந்தார். மடக்கினால் அது ஒரு கொப்பியின் தடிப்புக்கு மேற்படாது. மருதமுனைக் கைத்தறித் துணியில் தைத்த பை, ஒரு கொப்பி, இரண்டு பென்சில்கள், கடலோரத்து உப்புக் காற்று கருவிகளைத் தின்னாதிருக்க மூடி இறுகிய ஒரு டப்பா. கடைத் தராசில் நிறுத்தபோது எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

நூல்களுக்கு என்ன செய்தோம்? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனின் ஆறு தொகுதிகளை எவரும் தோளில் சுமக்க இயலாது. இன்று அதனைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் தேடிப் பார்க்கலாம். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் மின்னூலகத்தில் பெறலாம். ஆனால் மகியங்கனையைக் கடந்து பதினெட்டு வளைவுகளில் பஸ் ஏறும்போது இணையத்தை நம்பியிருத்தல் தகாது. தேவையான பக்கங்களை முன்னிரவே கைத்தொலைபேசியிற் சேமித்துக்கொள்வோம். அவ்வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு சிந்திப்பதோடு சரி.

கருவி பயணப்படுவதோடு எழுத்தும் பயணப்படவேண்டும். 1991இல் வெளிவந்த முதலாவது யுனிகோட் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. யுனிகோட்டில் எழுதியது எந்தக் கருவியிலும் தமிழாகவே தோன்றும். எமக்கு வரும் படிகளுட் பலவோ இன்னும் பாமினி எழுத்துருவில் வருகின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் தமிழ் மறைந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே திரையில் நிற்கும். அதனை யுனிகோட்டுக்கு மாற்றவேண்டும். மாற்றிய பின் இடையிடையே சிதைந்த சொற்களைத் தேடிச் சீர்செய்யவேண்டும். பிழை திருத்தத் தொடங்குமுன்பே ஒரு மணி நேர உழைப்பு இதற்குச் செலவாகிவிடும்.

இங்கேதான் பையின் மறுபக்கக் கணக்குத் தொடங்குகிறது. முற்காலத்தில் அச்சுப்படி திருத்துபவர் அச்சகத்தில் அமர்ந்து வேலை செய்தார். மேசை, விளக்கு, மின்விசிறி, அகராதி ஆகியன அச்சக உரிமையாளரின் செலவு. இன்று அச்சகம் எமது பைக்குள் வந்துவிட்டது. செலவும் கூடவே வந்துவிட்டது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. அவ்விரண்டு உயர்வுகளின் போதும் எமக்குப் பக்கமொன்றுக்குக் கிடைத்த கூலி ஒரு சதமும் உயரவில்லை. கேட்டபோது, "நீங்கள் இருந்த இடத்திலிருந்தே வேலை செய்கிறீர்கள், போக்குவரத்துச் செலவு மிச்சந்தானே" என்று விடை வந்தது.

கைத்தறித் தொழிலின் பழைய கதையை அறிந்தவர்களுக்கு இந்த விடை புதிதாக இராது. முதலாளி நூலைக் கொடுப்பார். நெசவாளி தன் வீட்டில், தன் தறியில், தன் விளக்கொளியில் நெய்து கொடுப்பான். முழத்துக்கும் உருப்படிக்கும் கூலி. தறி வைத்த அறையின் வாடகையைக் கேட்டவரில்லை. நூல் சுற்றிக் கொடுத்த மனைவியின் உழைப்பைக் கணக்கில் எழுதியவருமில்லை. எமது கரையில் பெண்ணுக்கே வீடு. மணமகன் பெட்டியுடன் மனைவி வீட்டுக்குக் குடிவருபவன். அந்த வீட்டிலிருக்கும் ஒரே மேசையில் பிள்ளைகள் படிக்கவேண்டும்; மனைவியின் தையல் இயந்திரம் ஓடவேண்டும். நாம் அச்சுப்படியை விரிக்கும் மாலைகளில் இயந்திரம் ஓய்ந்து நிற்கிறது. இந்த இழப்பு எந்தப் பற்றுச்சீட்டிலும் இடம்பெறுவதில்லை.

பள்ளிக்கூடத்திலும் இதையே கண்டோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆசிரியர்கள் தமது கைத்தொலைபேசியிலும் தமது பணத்தில் வாங்கிய டேட்டாவிலும் கற்பித்தனர். 2021 ஜூலையில் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி இணையவழிக் கற்பித்தலை நிறுத்திய பின்னரே, அவ்வாறொரு உழைப்பு நடந்துகொண்டிருந்தது என்பதைப் பலர் அறிந்தனர்.

எமது ஊரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தூரத்தில் அறுகம்பை இருக்கிறது. கடலலைச் சறுக்கு விளையாட்டுக்காக அங்கே வரும் வெளிநாட்டாருட் சிலர், காலையில் அலையிலும் மாலையில் கணினியிலும் பொழுதைக் கழித்துத் தம் நாட்டுக் கம்பனிகளுக்கு வேலை செய்கின்றனர். அவர்களுடைய பையும் எமது பையும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் அவர்கள் இடத்தைத் தெரிந்தெடுத்து வருகின்றனர். தம் நாட்டு நாணயத்தில் ஊதியம் பெறுகின்றனர். வேண்டாதபோது திரும்பிச் செல்கின்றனர். அவர்கள்மேல் எமக்குக் காழ்ப்பில்லை. பையின் பாரம் ஒன்றாயிருப்பதனால் வாழ்வின் பாரமும் ஒன்றென்று எவரும் கருதிவிடக்கூடாது என்பதே எமது கருத்து.

குறைந்த உடைமையுடன் பெரும்பணி செய்தவர்களுக்கு எமது மண்ணிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1892இல் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும், இமயமலை மாயாவதியில் 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியராகவும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் இடம் மாறி இடம் மாறிப் பணியாற்றினார். அவருடைய 'யாழ் நூல்' 1947இல், அவர் மறைந்த அதே ஆண்டில் வெளிவந்தது. துறவியின் கையிலிருந்த சுமை மிகச் சிறியது. ஆனால் அவர் சென்ற இடமெல்லாம் ஒரு நூலகமோ, ஒரு பல்கலைக்கழகமோ, ஒரு மடமோ நிலையாக நின்று அவரைத் தாங்கியது. நூலை வெளியிடக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் இருந்தது. நிலையான பொது நிறுவனங்கள் நாட்டில் இருக்கும்போதுதான் ஒருவன் இலேசான பையுடன் நடமாட முடியும். அவை இல்லையேல் எல்லாவற்றையும் தனி மனிதன் தானே சுமக்கவேண்டும். அல்லது வேலையை விடவேண்டும்.

சர்வதேச தொழில் அமைப்பு 1996இல் நிறைவேற்றிய வீட்டுவேலைச் சமவாயம், தன் வீட்டிலோ தான் தெரிந்தெடுத்த வேறோர் இடத்திலோ பிறருக்காக ஊதியத்துக்கு உழைப்பவரையும் கணக்கில் எடுத்து, மற்றைத் தொழிலாளரோடு அவர்களைச் சமமாக நடத்துமாறு கோருகிறது. ஸ்பெயினும் போர்த்துக்கலும் 2021இல் இயற்றிய சட்டங்கள், தொலைவிலிருந்து வேலை செய்யும் ஊழியருக்கு அதனால் ஏற்படும் செலவைத் தொழில் கொடுப்போரே ஏற்கவேண்டுமென விதித்தன. ஆகவே நாம் கேட்பது நடக்காத காரியமன்று.

கரையோரத்தில் இவ்வேலை செய்யும் நால்வருடன் சேர்ந்து நாம் அப்பதிப்பகத்துக்கு ஒரு கூட்டுக் கடிதம் எழுதினோம். பாமினியை மாற்றும் உழைப்புக்கு இப்போது பக்கமொன்றுக்குச் சிறு தொகை தனியே கிடைக்கிறது. மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் இன்னும் கிடைக்கவில்லை. அக்கடிதம் மீண்டும் எழுதப்படும். ஐவர் கையொப்பத்துக்குக் கிடைத்த பதில் ஒருவர் கையொப்பத்துக்குக் கிடைத்திராது.

இன்று எமது மாணவருட் பலர், படிப்பு முடிந்ததும் கணினியொன்றை வாங்கி வெளிநாட்டாருக்கு வேலை செய்யலாமென்று ஆவலோடு கேட்கின்றனர். பையில் எதை வைப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கூடவே கூலியைப் பேசுமுன் மின்சாரம், இணையம், கருவியின் தேய்மானம், செலவாகும் மணித்தியாலம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கணக்கிடுமாறும் சொல்கிறோம். ஊராரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஊர்தோறும் பொது நூலகத்தில் இரவு எட்டு மணிவரை எரியும் ஒரு விளக்கும், சில மின்செருகிகளும், பெண்கள் தயக்கமின்றி அமர்ந்து வேலை செய்யத்தக்க ஒரு மேசை வரிசையும் அமைப்பதற்குப் பெருஞ் செலவாகாது. வயல் வாடிக்கு வேண்டிய நீரைத் தனி விவசாயி கொண்டுவருவதில்லை. பொது வாய்க்காலே கொண்டுவருகிறது. எமது வாடிக்கும் அத்தகைய வாய்க்கால் ஒன்று வேண்டும்.