வெள்ளுடைக்குள் வாடும் உள்ளங்கள்

"சேவைக்கென்றே பிறந்தவர்கள்" என்று எங்களைப் பற்றிப் பிறர் கூறக் கேட்கும்போதெல்லாம், நன்றியோடு சிறிது அச்சமும் எங்களுக்கு எழுவதுண்டு. மருத்துவமனைச் செவிலியராகவும் பேறுகாலத் தாதியராகவும் பல்லாண்டுகள் உழைத்த எங்களில் பலரை ஒருவகைச் சோர்வு பற்றிக்கொள்வதைக் கண்டு வருகிறோம். உறங்கி எழுந்தாலும் நீங்காத சோர்வு அது. நோயாளி அழைப்பது காதில் விழுந்தும் உள்ளம் அசையாதிருக்கும். "முன்போல் உனக்குப் பொறுமையில்லை" என்பர் உறவினர். "அர்ப்பண உணர்வு குறைந்துவிட்டது" என்பர் மேலதிகாரிகள். இரண்டையும் நாங்கள் ஏற்பதற்கில்லை.

பிரசவ அறையின் கணக்கொன்றை வாசக அன்பர்கள்முன் வைக்கிறோம். வலி மிகுந்துவிட்ட தாயிடம் அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பை எண்ண வேண்டும். வயிற்றின்மேல் கை வைத்து, பத்து நிமிடத்தில் எத்தனை முறை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்ததைப் 'பார்டோகிராப்' எனும் தாளில் குறிக்க வேண்டும். வலியைக் கணிப்பதற்கு மட்டுமே ஒரு தாய்க்கு மணிக்கு இருபது நிமிடம். நான்கு தாய்மார் படுத்திருந்தால் எண்பது நிமிடம்! கடிகாரமோ அறுபதுதான் தருகிறது. இதற்கிடையே, சற்றுமுன் பிள்ளை பெற்ற ஐந்தாவது தாய்க்கு உதிரப்போக்கு மிகுகிறதா என்று கால் மணிக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். அந்த அறையில் எங்களில் ஒருவர் மட்டுமே தனித்து நின்ற இரவுகள் பல. துப்புரவுப் பணிபுரியும் அம்மா ஒருவர் வந்து தாய்மாரின் முதுகை நீவிக் கொடுப்பார். அவரைப் பற்றி எந்த விழாவிலும் எவரும் பேசக் கேட்டதில்லை.

உடற்களைப்பு உறக்கத்தில் தீரும். செய்ய வேண்டியது இன்னதென்று அறிந்திருந்தும், அதைச் செய்ய நேரமில்லாது போவதுதான் நெஞ்சை அரிக்கிறது. நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் பணிபுரிந்த ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் எனும் உளவியல் அறிஞர், 1974-ல் இந்நிலையைப் பற்றி எழுதியபோது, ஈடுபாடு மிகுந்தவர்களே இதற்கு எளிதில் ஆளாகின்றனர் என்றார். உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் இதனை நோயென்று கொள்ளாமல், பணியிடத்தின் நெடுநாள் நெருக்கடி சரிவரக் கவனிக்கப்படாததன் விளைவு என்றே வகைப்படுத்தியது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் 2002-ல் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அவர் இவ்வாறு சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் உயர்ந்தது. அறுவை சிகிச்சை பெற்றோர் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் உயர்ந்தது. ஆக, எங்கள் சோர்வு எங்களோடு நின்றுவிடுவதன்று.

பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் மன்றம் கூறும் அளவு. நாங்கள் பணிபுரிந்த வார்டில் இரவில் நாற்பது படுக்கைகளுக்கு ஒருவர். ஊதியத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. தமிழகத்தில் 2015-ல் ஒப்பந்த முறையில் அரசு மருத்துவமனைகளில் சேர்ந்த செவிலியர்க்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட்டத்தில் அமர்ந்தபோது, "நோயாளிகளை விட்டு வரலாமா?" என்று கேட்டவர்கள் உண்டு.

இரவுப் பணி முடித்து வீடு திரும்பினால் அடுப்பங்கரை காத்திருக்கும். பகலில் உறங்கும் மருமகளைச் சோம்பேறி என்று நினைக்கும் இல்லங்கள் நம் பங்குகளிலும் இல்லாமலில்லை. செவிலியர் தினத்தன்று ஆலயத்தில் எங்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். மகிழ்ச்சிதான்; ஆயினும் தியாகம் என்ற சொல்லை, ஆள் நியமிக்காதவர்களே மிகுதியாக எடுத்தாள்வது எங்களுக்கு உறுத்துகிறது.

எங்களோடு பணிபுரிந்த இளைய சகோதரி ஒருவர், ஒன்பதாம் ஆண்டில் வேலையை விட்டார். பிரசவம் பார்ப்பதில் எங்களுள் அவரே கைதேர்ந்தவர். இப்போது ஒரு பள்ளி விடுதியில் பிள்ளைகளின் உடல்நலத்தைக் கவனித்து வருகிறார். அண்மையில் திருமணமொன்றில் சந்தித்தபோது, பிரசவ அறைக்குத் திரும்பும் எண்ணமுண்டா என்று வினவினோம்.

"அங்கே இப்போது இரவில் இரண்டு பேர் நிற்கிறார்களா, அக்கா?" என்று அவர் கேட்டார்.