இறங்கிய தந்தி

தந்தியைத் தளர்த்துவது எவர்க்கும் எளிது. தளர்ந்த தந்தியை, பாடல் நடந்துகொண்டிருக்கும்போதே, முன்னிருந்த சுருதிக்கு மீட்டுக் கொணர்வதுதான் அரிது. கச்சேரி மேடையில் வீணைக் கலைஞர் பிருடையைத் திருகிச் செவிசாய்த்திருக்கும் சில நிமிடங்களை நாம் கண்டிருக்கிறோம். அவை பொறுமையோடு காத்திருக்கும், பாடல் காத்திருப்பதில்லை.

இச்சிக்கலுக்கு விடை தேடியவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் வட கரோலினாவில் 1924-இல் பிறந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ். பாஞ்சோ என்னும் தந்திக்கருவியில் தேர்ந்தவர். 1951-இல் பதிவான ‘ஏர்ல்ஸ் பிரேக்டவுன்’ என்ற இசையில், வாசித்துக்கொண்டே பிருடையைத் திருகித் தந்தியை இறக்கி ஏற்றினார். பின்னர், கையின் கணக்கை மட்டும் நம்பியிராமல், தந்தியைத் தள்ளி நிறுத்தும் சிறு உறுப்புகளைத் தம் கருவியில் பொருத்திக்கொண்டார். 1960-களில் பில் கீத் என்ற கலைஞர், குறித்த இரு எல்லைகளில் தாமே நின்றுகொள்ளும் பிருடைகளை நண்பருடன் சேர்ந்து உருவாக்கினார்.

மின்கிட்டாரில் இத்தேவை வேறு வடிவில் எழுந்தது. ஃபிளாய்ட் ரோஸ் என்பவர் 1970-களின் பிற்பகுதியில் அமைத்த குதிரை, தந்திகளை இருமுனையிலும் பூட்டிவிடுகிறது. சுருதி கலையாதிருக்க அது பேருதவி. ஆனால் கழுத்தின் தலையில் பூட்டு விழுந்தபின் பிருடையைத் திருகி யாது பயன்? அலன் கீ கொண்டு பூட்டைத் திறந்தாக வேண்டும். இதற்கு மாற்றாக வந்ததே, எடி வான் ஹேலன் (1955–2020) பெயரோடு வழங்கும் ‘டி-டியூனா’. குதிரையின் பின்புறம், தடித்த ஆறாந் தந்தியைப் பற்றியிருக்கும் நீண்ட திருகின்மீது அது அமர்கிறது. அதன் குமிழை வெளியே இழுத்தால் தந்தி ‘ஈ’ சுரத்திலிருந்து ‘டி’ சுரத்திற்கு இறங்கும். உள்ளே தள்ளினால் மீண்டும் ‘ஈ’.

இக்கருவியை நாம் நாடியதற்குக் காரணம் நம் தமையனார். இருபது ஆண்டுகள் இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர் அவர். சாலையில் நேர்ந்த வீழ்ச்சியில் இடது முழங்கை முறிந்து, அதன் பின்புறம் ஓடும் நரம்பு நலிவுற்றது. சிறுவிரலும் மோதிரவிரலும் அந்த நரம்பை நம்பியிருப்பவை. எலும்பு கூடிற்று, விரல்கள் முன்போல் வளையவில்லை. கிட்டார் ஆறு மாதம் உறைக்குள்ளேயே கிடந்தது. “படிக்கிற பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடு, தம்பி” என்றார். இல்லத்துக்கு வந்தவர் ஒவ்வொருவரும் ஓர் அறிவுரை விட்டுச் சென்றனர். ஒருவர் கீபோர்டு பழகச் சொன்னார். மற்றொருவர் இந்த வயதில் இது எதற்கு என்றார். தமையனார் எவர்க்கும் மறுமொழி கூறவில்லை.

வழக்கமான சுருதியில் பவர் கார்டு பிடிக்கச் சுட்டுவிரல் ஆறாந் தந்தியிலும், மோதிரவிரலும் சிறுவிரலும் இரண்டு மெட்டு தள்ளி அடுத்த இரு தந்திகளிலும் அமர வேண்டும். அவர் இழந்ததோ அவ்விரு விரல்களின் வலிமையை! ஆறாந் தந்தி ‘டி’க்கு இறங்கிவிட்டாலோ, ஒரே மெட்டில் மூன்று தந்திகளையும் ஒற்றை விரலால் அழுத்தினால் போதும், அதே கார்டு பிறக்கும். அப்படியாயின் எப்போதும் இறக்கியே வைத்திருக்கலாமே எனலாம். திறந்த ‘ஈ’யின் மீது எழும் பாடல்கள் அவரிடம் பல இருந்தன. அவற்றை விட்டுவிட அவர் மனம் ஒப்பவில்லை.

பொருத்த அமர்ந்த மாலையில் வேறொன்று வெளிப்பட்டது. அவருடைய குதிரை எதன்மீதும் படியாமல் மிதந்து நிற்பது. ஒருபுறம் ஆறு தந்திகளும் மறுபுறம் கருவியின் முதுகிலுள்ள வில்கம்பிகளும் இழுக்க, அச்சமநிலையில் சுருதி நிற்கிறது. ஆறாந் தந்தி வினாடிக்கு 82.4 அதிர்விலிருந்து 73.4-க்கு இறங்கும்போது அதன் இழுவிசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உடனே வில்கம்பிகள் குதிரையைப் பின்னே சாய்க்க, மற்ற ஐந்து தந்திகளும் சுருதி ஏறிவிடுகின்றன. ஒருவர் தளர்ந்ததும் சுற்றியிருந்தோர் குரல் உயர்ந்ததை நம் இல்லத்திலும் கேட்டிருந்தோமல்லவா?

பரிகாரம் எளியதே. முதுகுக் குழியில், குதிரையின் அடிக்கட்டைக்கும் கழுத்துப் பக்கத்துச் சுவருக்கும் இடையே அளவாகச் சீவிய மரத்துண்டு ஒன்றைச் செருகினோம். குதிரை இனிப் பின்னே சாயாது. ஆட்டுக்கோலை மேலே இழுத்துச் சுருதியை உயர்த்தும் விளையாட்டு அதனால் போயிற்று. அதைச் சொன்னபோது தமையனார், “அது போகட்டும், தம்பி, மற்றது நிற்கட்டும்” என்றார். பின்னர் நுண்சுருதித் திருகையும் கருவியின் சிறு திருகையும் மாறி மாறித் திருத்தி, குமிழை இழுத்தும் தள்ளியும் பலமுறை ஒத்துப் பார்த்தோம். ஐந்து தந்திகளும் அசையவில்லை.

இன்று அவர் எல்லாப் பாடலும் வாசிப்பதில்லை. விரைந்தோடும் பகுதிகளை இளைஞர் ஒருவரிடம் விட்டுவிடுகிறார். வலக்கையால் குமிழை இழுத்து, சுட்டுவிரல் ஒன்றை மட்டும் கழுத்தில் கிடத்தி, தம் பங்கைத் தவறாமல் வாசிக்கிறார். வேண்டும்போது தந்தி ‘ஈ’க்குத் திரும்புகிறது. கேட்போர் அந்தக் குமிழைக்கூடக் கவனிப்பதில்லை.

முதுகுக் குழியில் கிடக்கும் மரத்துண்டை எவரும் காண்பதில்லை. அது ஒலி எழுப்புவதுமில்லை, எதையும் இழுப்பதுமில்லை. தளர்ந்தவர் தளர்ந்து நிற்கவும், தம் நேரத்தில் மீளவும், மற்றவை நிலைபெயராதிருக்கத் தாங்கி நிற்கிறது. அருகிருப்போர் ஆற்றத்தக்க உதவிகளுள் இதனினும் பெரிது உண்டோ என நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.