சத்தமில்லாமல் விளையாடுவது

சிறிய கேமிங் லேப்டாப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கடைசியில்தான் வைப்பார்கள்: பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், திரை எப்படி, உள்ளே இருக்கும் விசிறி எவ்வளவு சத்தம் போடும். அதற்கு முன் பக்கம் பக்கமாக வேகக் கணக்கு ஓடும். வீட்டில் எப்படியும் சார்ஜரில் போட்டுத்தான் விளையாடப்போகிறீர்கள், சத்தத்துக்கு ஹெட்போன் இருக்கிறது என்று முடித்துவிடுவார்கள். இதை எழுதுகிறவருக்கு ஒரு மேசை இருக்கிறது, மேசைக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறது, சாத்திக்கொள்ளக் கதவும் இருக்கிறது. பொங்கலூரில் எங்கள் வீட்டில் இந்த மூன்றும் எனக்கு இல்லை. அதனால் அவர்கள் கடைசியில் வைப்பதை நான் முதலில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். பல்லடம் வழியாக பஸ்ஸில் வீடு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, பையனைப் படிக்க வைத்துத் தூங்க வைத்தால் மணி பத்து. பத்திலிருந்து பதினொன்றரை வரை என்னுடையது. 2024-இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிடும் நேரம் 289 நிமிடம், ஆண்களுக்கு 88 நிமிடம் என்று இருக்கிறது. இடையில் உள்ள 201 நிமிடம் யாருடைய ஓய்வு என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கிடைப்பது தொண்ணூறு நிமிடம். அதில் நான் தையல் போடலாம், கோலம் வரைந்து பழகலாம், சீரியல் பார்க்கலாம். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நான் விளையாட விரும்பினேன். இயந்திர மிருகங்கள் மேயும் காட்டில் அலாய் என்ற பெண் வில்லோடு பதுங்கிப் பதுங்கிப் போகும் 'ஹொரைசன் ஸீரோ டான்' என்ற விளையாட்டை விளையாட விரும்பினேன்.

யார் விளையாடுகிறார்கள் என்பதை விருப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை. மெஷின் வீட்டில் எங்கே உட்காருகிறது என்பதும் தீர்மானிக்கிறது. இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1989-இல் நின்டெண்டோ 'கேம் பாய்' என்ற கையடக்க மெஷினை வெளியிட்டது. பெயரிலேயே பையன். பச்சை பூத்த கறுப்பு வெள்ளைத் திரை, பின்னால் விளக்கு கிடையாது. ஆனால் நான்கு பென்சில் பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அடுத்த ஆண்டு சேகா நிறுவனம் கொண்டுவந்த 'கேம் கியர்' வண்ணத் திரையோடு, விளக்கோடு வந்தது. ஆறு பேட்டரியை நான்கைந்து மணி நேரத்துக்குள் தின்றுவிடும். சந்தையில் ஜெயித்தது மங்கலான திரைதான். 1995-இல் நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை ஒரு கணக்குச் சொன்னது: கேம் பாய் விளையாடுகிறவர்களில் 46 சதவீதம் பெண்கள். அதே நிறுவனத்தின் டிவியில் மாட்டும் மெஷின்களில் பழையதற்கு 29 சதவீதம், புதியதற்கு 14 சதவீதம். இதை நான் இப்படித்தான் படிக்கிறேன்: டிவி கூடத்தில் இருக்கிறது, கூடம் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் உரியது. மடியில் வைத்து, சத்தத்தைக் குறைத்து, பிளக் தேடாமல் விளையாட முடிந்தபோது பெண்கள் விளையாடினார்கள்.

நம் ஊரிலும் இதற்குப் பக்கத்தில் வரும் ஒன்று நடந்தது. 2011-இல் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் படிக்கும் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. என் தங்கைக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் வீட்டில் ஒரு பெண் பெயரில் வந்த முதல் மெஷின் அது. அவள் அதை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வாள். மேசைக் கம்ப்யூட்டராக இருந்திருந்தால் அது அண்ணன் அறையில்தான் இருந்திருக்கும்.

சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் கோவை காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். "பையனுக்குங்களா மேடம்?" என்றார் கடைக்காரத் தம்பி. எனக்கு என்றேன். "அப்ப ஆபீஸ் வேலைக்கு நார்மல் லேப்டாப்பே போதுங்களே." 14 அங்குலத்தில் கேமிங் லேப்டாப் வேண்டும் என்றும், சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு விளையாட்டை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் கேட்டேன். அப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

முதலில் பேட்டரி. முன்பெல்லாம் கேமிங் லேப்டாப் என்றால் பெரும்பாலும் 15.6 அங்குலம் அல்லது 17. 2020-இல் ஏசுஸ் வெளியிட்ட ஸெஃபிரஸ் ஜி14, ஏறக்குறைய 1.6 கிலோ எடையில் 76 வாட்-அவர் பேட்டரியை அடக்கியது. இந்த அளவு மெஷின்கள் பலவற்றில் பேட்டரி 70-லிருந்து 76 வாட்-அவருக்குள் இருக்கிறது. விளம்பரத்தில் வரும் பத்து மணி நேரம் வெளிச்சத்தைக் குறைத்து வீடியோ பார்ப்பதற்கான கணக்கு. மெஷின் எத்தனை வாட் இழுக்கிறது என்று பார்த்து வகுத்தால் நாமே கண்டுபிடிக்கலாம். சாதாரண வேலைக்கு 9 வாட் என்றால் எட்டு மணி நேரம். விளையாட்டில் 70 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம்கூட உறுதியில்லை. ஆனால் நொடிக்கு 40 ஃபிரேமுக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்தி, ஒளி நிழல் அலங்காரங்களைக் குறைத்து, 35 வாட்டில் நிறுத்த முடிந்தால் இரண்டு மணி நேரம். என் தொண்ணூறு நிமிடத்துக்குப் போதும். படுக்கையறையில் இருக்கும் ஒரே பிளக் கணவர் பக்கம், அவர் போனுக்கு. கூடத்தில் இருப்பவை டிவிக்கும் மோடத்துக்கும். சமையலறையில் மிக்ஸியும் கிரைண்டரும். பேட்டரி எனக்குப் பயண வசதி அல்ல. வீட்டுக்குள்ளேயே உட்கார ஓர் இடம்.

இரண்டாவது திரை. சாயம் ஏற்றிய துணி மாதிரியை விளக்குப் பெட்டிக்குள் வைத்து, பையர் கேட்ட சிவப்பும் இதுவும் ஒன்றா என்று பார்ப்பது என் தினசரி வேலை. அதனால் மட்டமான திரை என் கண்ணைக் குத்தும். விலை குறைந்த லேப்டாப்புகளில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று போட்டிருக்கும். இணையப் படங்களுக்கு அடிப்படையான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் அது சுமார் 60 சதவீதத்தைத்தான் காட்டும். நல்ல சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று இருந்தால் நம்பலாம். ஓஎல்இடி திரையில் கறுப்பு முழுக் கறுப்பு, இருட்டுக் காட்சியில் அறைக்குள் வெளிச்சம் அதிகம் சிந்தாது. பையன் படுத்திருக்கும் கொசுவலை மேல் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்பவளுக்கு அது பெரிய குணம். ஆனால் பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. சிலருக்கு அது தலைவலி தரும். பகலில் கண்ணாடி போல முகத்தைக் காட்டும். விலையும் கூட. நான் மினுக்காத ஐபிஎஸ் திரையை எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது சத்தம். சிறிய உடம்புக்குள் சிறிய விசிறி. அதே சூட்டை வெளியேற்ற அது வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால்தான் இரைச்சலோடு ஒரு கீச்சும் சேர்ந்து வருகிறது. முழு வேகத்தில் 50 டெசிபல் சாதாரணம். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அனுமதிப்பதே 45 டெசிபல்தான்.

வாங்கிய முதல் வாரம் ஒரு ராத்திரி முழு வேகத்தில் ஓட்டினேன். கூடத்திலிருந்து அத்தை குரல் வந்தது.

"ஏனம்மிணி, அதென்ன உஸ்ஸுன்னு? மிக்ஸி ஏதும் ஓடுதா?"

"லேப்டாப்புங்க அத்தை."

"கம்பெனி வேலையா?"

"இல்லீங்க. விளையாட்டு."

பதில் வரவில்லை. அத்தை தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். விசைத்தறிக் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அதற்குப் பக்கத்து அறையில் தூங்கி வளர்ந்தவர். தறிச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும் என்று அவரே சொல்வார். அது சோறு போடும் சத்தம். கம்பெனி வேலை என்று நான் சொல்லியிருந்தால் என் விசிறியும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். ஒரு பெண் தனக்காக மட்டும் எழுப்பும் சத்தம் எந்த அளவிலும் கூடுதலாகத்தான் கேட்கிறது.

ஹெட்போன் என் காதை அடைக்கும், தூங்குகிறவர்கள் காதை அடைக்காது. என்னாலும் இரண்டு காதையும் அடைக்க முடியாது. பையன் இருமினால் கேட்க வேண்டும், அத்தை தண்ணீர் கேட்டால் கேட்க வேண்டும். ஒரு காதில்தான் அலாயின் காடு. ஆகவே மூன்றில் எனக்கு முதல் இடம் சத்தத்துக்கு. அமைதி மோடில் வைத்து, பிராசஸரின் டர்போ வேகத்தை நிறுத்தி, 40 ஃபிரேமில் கட்டினால் விசிறி பெருமூச்சு அளவுக்கு இறங்குகிறது. பேட்டரியும் அதே காரணத்தால் நீள்கிறது. பேட்டரி குறைந்தால் நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கலாம். திரை சுமாராக இருந்தால் கண் பழகிக்கொள்ளும். சத்தத்துக்குத்தான் வீட்டில் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த மெஷின் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது என்னைச் சுருங்கச் சொல்கிறது என்பதும் தெரிகிறது. வெளிச்சம் சிந்தாமல், பிளக் கேட்காமல், யாருக்கும் கேட்காமல் இருப்பதில் அது என்னைவிடக் கெட்டிக்காரி. வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் எழுத்துக்காகத் தனி அறை கேட்டார். விளையாட்டுக்காக அறை கேட்க இன்னும் கூச்சமாக இருக்கிறது. வேலை என்று பெயர் வைத்தால் கேட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. அப்படிப் பெயர் மாற்றாமல் கேட்க வேண்டும் என்றிருக்கிறேன். படுக்கையறை ஜன்னலோரம் இரண்டரை அடிக்கு ஒரு மேசை போடலாம், அளந்து பார்த்துவிட்டேன். எலக்ட்ரீஷியனிடம் அந்தச் சுவரில் ஒரு பிளக் பாயின்ட் வைக்கச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று கணவர் கேட்டார். விளையாட என்றேன்.