பாதி லாரி... பாதி வீடு!

செமஸ்டர் லீவுக்கு எங்கே போகலாம்னு ஹாஸ்டல் மொட்டை மாடியில மாநாடு போட்டிருக்கீங்களா? 'ஒரு பழைய லாரியை வாங்கி, பின்னாடி கட்டில், கிச்சன் எல்லாம் வெச்சு, அப்படியே லடாக் வரைக்கும் போயிடலாம் மச்சி'ன்னு கூட்டத்துல ஒருத்தன் கண்டிப்பா சொல்லியிருப்பான். எங்க செட்டுல அதைச் சொன்னவன் நான்தான். மத்தவங்க காலையில டீ குடிக்கிறதுக்குள்ள மறந்துட்டாங்க. என்னால மறக்க முடியலை.

காரணம், எங்க வீடு. அப்பா இருபத்தாறு வருஷம் லாரி டிரைவர். குஜராத்தும் கொல்கத்தாவும் அவருக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. அம்மா குற்றாலத்தைத் தாண்டினதில்லை. 'லாரியில பொம்பளைக்கு இடம் ஏது?'ன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. போன மாசம் அம்மாவுக்குச் சீட்டுப் பணம் ரெண்டரை லட்சம் வந்தது. நான் வாயைத் திறந்தேன். சும்மா பார்த்துட்டு வரலாம்னு மூணு பேரும் கிளம்பிட்டோம், எங்க சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்கு!

'பழைய லாரி பார்க்க சங்கரன்கோவிலா? நாமக்கல்லுக்கில்ல போகணும்'னு நீங்க சிரிக்கிறது கேட்குது. பாடி கட்ட நாமக்கல், கரூர்தான் பாஸ். ஆனா ஒரு வண்டியோட ஜாதகம் தெரியணும்னா இந்த ஊருக்கு வாங்க. திருநெல்வேலியில பஸ் ஏறினா ஒன்றரை மணி நேரம். தூரத்துலேயே கோபுரம் தெரியும். தெருவுக்குள்ள நுழைஞ்சா பவர் லூம் சத்தம், மத்தியானம் மட்டன் பிரியாணி வாசம். கோயில்ல சங்கரநாராயணர், ஒரே உருவத்துல பாதி சிவன், பாதி திருமால். பாதி லாரி, பாதி வீடுன்னு ஒரு வண்டி கட்ட இதைவிடப் பொருத்தமான ஊர் உண்டா, சொல்லுங்க!

ஊரைச் சுத்தி இருக்கிற ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு சுமை உண்டு. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி. தூத்துக்குடியில இருந்து உப்பு. ராஜபாளையம் பக்கம் நூலும் சிமென்ட்டும். புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை வழியா ஆரியங்காவு மலை ஏறிக் கேரளாவுக்குப் போறது எலுமிச்சம்பழம், காய்கறி, நம்ம ஊர் மார்க்கெட்டுப் பூ.

"தம்பி, பெயிண்ட்டப் பாத்து வண்டி வாங்காதீரும். இத்தன வருசமா அது என்னத்தச் சுமந்துச்சின்னு கேளும். மீதிய வண்டியே சொல்லும்." பட்டறை அண்ணாச்சி சொன்ன முதல் பாடம் இது. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன். எந்த சிலபஸ்லயும் இதைப் பார்த்ததில்லை.

அன்னிக்கு மூணு வண்டி பார்த்தோம்.

முதல் வண்டி ஓர் ஈச்சர். பதினாலு அடி, புதுப் பெயிண்ட், பளபளன்னு மாப்பிள்ளை மாதிரி நின்னுது. நான் அப்பவே மனசுக்குள்ள கட்டில் போட்டுட்டேன். அப்பா ஒண்ணும் பேசாம அடியில குனிஞ்சார். சேஸிஸ்ல ஸ்பேனரால ஒரு தட்டு. துரு அப்பளம் மாதிரி உதிர்ந்துச்சு. "உப்பு வண்டி"ன்னார். எப்படித் தெரியும்னு கேட்டேன். "ஆறு வருசம் உப்பு ஓட்டிருக்கேம்லா." அந்த வருஷங்கள்ல எல்லாம் அவர் கால்ல வெடிப்பு ஆறினதே இல்லைன்னு அம்மா மெதுவா சொன்னாங்க.

ரெண்டாவது, ஜல்லி ஓட்டின டாட்டா 407. ஸ்பிரிங்ல கூடுதலா ரெண்டு பட்டை சொருகியிருந்தாங்க. அதிக லோடு ஏத்தினதுக்கு அதுவே கையெழுத்து. சேஸிஸ்ல குறுக்குச் சட்டம் சேர்ற இடத்துல வெல்டிங் தழும்பு. அங்கே விரிசல் விட்டு ஒட்டின வண்டி மேல வீடு கட்டினா, அஸ்திவாரம் உடைஞ்ச வீட்டுக்கு மாடி எடுத்த கதைதான்.

மூணாவதும் 407தான். பெயிண்ட் உரிஞ்சு பார்க்கவே பாவமா இருந்தது. ஓட்டினது தீப்பெட்டி லோடு. இடத்தை அடைக்கும், எடை கம்மி. அண்ணாச்சி முகத்துல முதல் தடவையா சிரிப்பு!

இன்ஜினுக்கு அவர் செஞ்ச சோதனைகளை நீங்களும் செய்யலாம். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆறட்டும்னு காத்திருங்க. குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். ஓடும்போது நீலப் புகை விடாம வந்தா ஆயில் எரியுது. கறுப்புன்னா டீசல் அதிகம் போகுது, இல்லைன்னா காத்து பத்தலை. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிக்கலைன்னா உஷார். கடைசியா, ஆயில் ஊத்துற மூடியைத் திறங்க. உள்ளே இருந்து புகை குபுகுபுன்னு அடிச்சா 'பேக் கம்ப்ரஷன்'. பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ஞ்சுபோச்சு. முன்சக்கரத்தை ஜாக்கி வெச்சுத் தூக்கி ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னா கிங் பின், பேரிங் செலவு காத்திருக்கு.

இந்த இடத்துல ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 1980-கள்ல ஜப்பான் கம்பெனிகளோட கைகோத்து டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸான், ஸ்வராஜ் மஸ்தா, ஈச்சர் மிட்சுபிஷின்னு நாலு சின்ன லாரிகள் நம்ம நாட்டுக்கு வந்துச்சு. அதுக்குப் போட்டியா 1986-ல டாட்டா இறக்கினதுதான் 407. ஈச்சரும் 407-ம் இன்னிக்கும் எந்த ஊர்ப் பட்டறையிலயும் அத்துப்படி. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.-6 வந்த பிறகு விற்ற வண்டிகள் புகையில சுத்தம். ஆனா சென்சார் கோளாறுன்னா கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறவரைத் தேடணும். ஊர் சுத்தப் போற வண்டிக்கு, ரிப்பேர் எங்கே ஆகும்கிறது பெரிய கேள்வி.

அடுத்தது கணக்கு. நானும் பெரிய வண்டி வேணும்னுதான் ஒத்தைக் கால்ல நின்னேன். அண்ணாச்சி சிகரெட் அட்டையைக் கிழிச்சு நீட்டினார், "எழுதும்!" தண்ணி 200 லிட்டர்னா 200 கிலோ. எட்டுக்கு நாலு, 18 மில்லி பிளைவுட் ஒண்ணு முப்பது கிலோவுக்கு மேல. பன்னிரண்டு போட்டா நானூறு கிலோவைத் தொடும். இன்வெர்ட்டர் பேட்டரி ரெண்டு நூறு கிலோவைத் தாண்டும். நிறைஞ்ச கேஸ் சிலிண்டர் முப்பது. இரும்பு, கட்டில், பாத்திரம், நாலு ஆளுங்க எல்லாம் சேர்த்தும் ஒன்றரை டன் வரலை. 407-க்கு இதெல்லாம் ஒரு சுமையே இல்லை. பெரிய லாரியோட ஸ்பிரிங், முழு லோடுக்குச் செஞ்சது. கால்வாசி லோடுல அது அமுங்காது. குழியில விழுந்தா உங்க முதுகுத்தண்டுதான் ஸ்பிரிங்! காலி லாரியில ஒரு தடவை போனவங்களுக்கு இது புரியும். அதனால தேவைக்கு மேல பெரிய வண்டி வேண்டாம். தண்ணித் தொட்டியைக் கீழே, ரெண்டு அச்சுக்கும் நடுவுல வைங்க.

சின்ன வண்டியில இன்னொரு லாபமும் உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருந்தா சரக்கு வண்டியையும் எல்.எம்.வி. லைசென்ஸ்லயே ஓட்டலாம்னு 2024 நவம்பர் 6-ல உச்ச நீதிமன்றத்தோட ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிப்படுத்திடுச்சு. அதைத் தாண்டினா வேற லைசென்ஸ்.

இனிமேதான் சீரியஸ் மேட்டர். சரக்கு வண்டியை வீடா மாத்துறது, ஆர்.சி.யில இருக்கிற வகையையே மாத்துற வேலை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இஷ்டத்துக்கு மாத்த விடாது. கேரளாவில இருந்து போன ஒரு வழக்குல, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதைக் கறாரா சொல்லிடுச்சு. மோட்டார் காரவானுக்குன்னே ஏ.ஐ.எஸ்.-124ன்னு தனித் தரவிதி இருக்கு. அதனால முதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுத்துல அனுமதி, அப்புறம் அங்கீகாரம் உள்ள பாடி பில்டர், அதுக்கப்புறம்தான் ஆசாரி. எங்க ஊருக்கே 'டிஎன் 79'ன்னு தனி நம்பர் இருக்குங்கிறதுல எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆனா அந்த நம்பர் பிளேட் யாரையும் காப்பாத்தாது.

குலசாமி கோயிலுக்கு லாரியில தார்ப்பாய் கட்டி, அண்டா குண்டா, ஆடு, பாட்டி, பேரன்னு அம்பது பேர் ஏறிப் போன கதை உங்க வீட்லயும் இருக்கும். நம்ம பக்கத்துக் காரவான் அதுதான்! ஆனா சரக்கு வண்டியில ஆள் ஏத்துறது சட்டப்படி தப்பு, உயிருக்கும் ஆபத்து. வண்டி ஓடும்போது எல்லாரும் பெல்ட் போட்ட சீட்ல இருக்கணும், கட்டில்ல இல்லை. பக்கத்துக் கேரளா 2021-லயே காரவான் சுற்றுலாவுக்குன்னு கொள்கை அறிவிச்சிடுச்சு. முறைப்படி செஞ்சா மலைக்கு அந்தப் பக்கம் வரவேற்பு இருக்கு.

சரி, தீப்பெட்டி வண்டி என்னாச்சு? விலை மூணு லட்சத்துல ஆரம்பிச்சு நம்ம பட்ஜெட்டுக்கு இறங்கி வந்துச்சு. புரோக்கர், "அம்பதாயிரம் அட்வான்ஸ் போடுங்க, நாளைக்கே உங்க வண்டி"ன்னார். என் கை பரபரன்னுச்சு. அப்பா ஆர்.சி.யைத் திருப்பிப் பார்த்தார். ஃபைனான்ஸ் கடன் இன்னும் அதுல ஏறியே இருந்தது. "ஹெச்.பி. கேன்சல் பண்ணிட்டு வாங்க, பேசுவோம்." அவ்வளவுதான். நீங்களும் இதை மறக்காதீங்க. என்.ஓ.சி. கைக்கு வராம ஒத்தை ரூபா கொடுக்காதீங்க. எஃப்.சி., வரி, இன்ஷூரன்ஸ் தேதிகளைப் பாருங்க. பரிவாகன் தளத்துல பாக்கி அபராதம் இருக்கான்னு தேடுங்க. சேஸிஸ்ல பொறிச்ச நம்பரை ஆர்.சி.யோட எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்க.

எனக்கு முகம் தொங்கிப்போச்சு. திரும்பினா அம்மாவைக் காணோம். புடவையை இடுப்புல சொருகிக்கிட்டு, அந்த 407 கேபின்ல ஏறி கிளீனர் சீட்ல உட்கார்ந்திருந்தாங்க. சீட்டுக்குப் பின்னாடி இருந்த இடுக்கைக் கையால அளந்து பார்த்துட்டு அப்பாவைக் கேட்டாங்க: "இதுக்குள்ளயா இத்தன வருசம் படுத்தீய?"

அப்பா பதில் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு என்கிட்ட, "கட்டில் ஆறடி இருக்கணும்லே. கால நீட்டிப் படுக்கணும்"ன்னார்.

சீட்டுப் பணம் பத்திரமா பேங்க்ல இருக்கு. கடன் பேப்பர் வந்ததும் சொல்றேன்னு புரோக்கர் சொல்லியிருக்கார். வரலைன்னா வேற வண்டி. ஒரு பழைய லாரிக்கு முன்னாடி நீங்க நிக்கும்போது, என்ன விலைன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, என்ன சுமந்தேன்னு கேட்டுடுங்க. அப்படியே வீட்டுக்குப் போனதும் உங்க அப்பாவையும் ஒரு தடவை!