புரெக்கும் யூரெக்கும்

"புரெக்கை விட யூரெக்கைத்தான் எங்களுக்குப் பிடிக்கும்!" 1984 பிப்ரவரியில் போஸ்னியாவின் சாரயேவோ நகரம் தொண்டை கிழியக் கத்திய முழக்கம் இது. யூரெக் என்றால் யூரே ஃப்ராங்கோ, 21 வயதுப் பனிச்சறுக்கு வீரர். புரெக் என்றால் இறைச்சி வைத்துச் சுருட்டிச் சுட்ட பலகாரம். யூரே எதற்கு யூரெக் ஆனார் என்று கேட்டால், புரெக்கோடு எதுகை சேரத்தான் என்பேன். அது பெரிய விஷயமில்லை. ஒரு மனிதனைக் கொண்டாட நினைத்த ஊர், தராசின் மறுதட்டில் தன் காலைப் பலகாரத்தைத் தூக்கி வைத்தது பாருங்கள், அங்கேதான் எனக்கு ஆசை பிறந்தது.

நம்மூரில் தலைவருக்கும் நடிகருக்கும் நாம் தருவதாகச் சொல்வது உயிரை. சுவரொட்டியில் எழுதுகிறோம், மேடையில் முழங்குகிறோம். யாரும் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போகப்போவதில்லை என்ற தைரியம். அதே ரசிகரை ஓரமாக அழைத்து, "உங்கள் தலைவரா, ஞாயிற்றுக்கிழமை மட்டன் பிரியாணியா, ஒன்றுதான்" என்று கேட்டுப் பாருங்கள். கண்டிப்பாக ஒரு நிமிஷம் யோசிப்பார். சாரயேவோக்காரர்கள் யோசிக்கவே இல்லை. இத்தனைக்கும் அந்தப் பையன் ஜெயித்தது தங்கம்கூட இல்லை, வெள்ளி.

அவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று தெரிந்தால்தான் அந்தப் பாசத்தின் எடை தெரியும். புரெக்குக்கு மாவு பிசைந்து ஊறவைத்து, மேசையில் துணி விரித்து, அதன்மேல் மாவை நான்கு பக்கமும் கையாலேயே இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க, கீழே இருக்கும் துணியின் பூவேலை தெரிகிற அளவுக்கு அது மெலிகிறது. அதில் எண்ணெய் தெளித்து, பொடியாக அரிந்த மாட்டிறைச்சி, வெங்காயம், தாராளமாக மிளகுத்தூள் வைத்து நீளமாகச் சுருட்டி, வட்டத் தட்டில் நத்தைக்கூடு மாதிரி சுற்றி வைக்கிறார்கள். பழைய முறைக் கடைகளில் அடுப்பு கிடையாது. தட்டின்மேல் இரும்பு மூடியைக் கவிழ்த்து, மூடியின் தலையில் தணலை அள்ளிப் போடுகிறார்கள். வெந்து வந்ததும் வெட்டி, நிறுத்து விற்பார்கள். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை, குடிக்கத் தயிர். துருக்கியர் ஆட்சியோடு பால்கனுக்கு வந்து சேர்ந்த பலகாரம் இது. ஆனால் போஸ்னியாக்காரரிடம் அதைச் சொல்ல வேண்டாம். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: இறைச்சி வைத்தால்தான் அவர்களுக்குப் புரெக். வேறு எது வைத்தாலும் வேறு பெயர். பக்கத்து நாட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் புரெக் என்று அழைப்பது அவர்கள் நெஞ்சில் ஆறாத புண்.

இப்படிப்பட்ட ஒன்றை ஓரங்கட்டிய பந்தயம், ஆண்களுக்கான ஜயன்ட் ஸ்லாலம். 1984 பிப்ரவரி 14, நகரத்துக்குத் தென்மேற்கே பியெலாஷ்னிட்சா மலை. குளிர்கால ஒலிம்பிக்கை முதன்முறையாக நடத்துகிறது யூகோஸ்லாவியா. அதுவரை குளிர்கால ஒலிம்பிக்கில் அந்த நாடு ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை. கல்யாண மண்டபம் பிடித்து, பந்தல் போட்டு, ஊரையே அழைத்தாயிற்று. மாப்பிள்ளை எங்கே என்று தெரியவில்லை. எல்லோர் கண்ணும் போயான் கிரிஷாய் மேல். விளையாட்டு வீரர்கள் சார்பில் தொடக்க விழாவில் உறுதிமொழி எடுத்தவரும் அவர்தான். நான்கு வருஷம் முன்னால் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில், இதே ஜயன்ட் ஸ்லாலத்தில், வெண்கலத்தை 0.02 வினாடியில் தவறவிட்ட மனிதர் அவர்.

0.02 வினாடி! நம் இலக்கணக்காரர்கள் மாத்திரைக்கு அளவு சொல்லும்போது கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் காட்டினார்கள். குறிலுக்கு ஒன்று, குற்றியலுகரத்துக்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால் என்று பங்கு பிரித்தார்கள். கால் மாத்திரையோடு அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். அதற்குக் கீழே காது கேட்காது என்று விட்டிருப்பார்கள். கிரிஷாய் இழந்தது அதற்கும் கீழே. எந்தக் கண்ணுக்கும் தெரியாத, எந்தக் காதுக்கும் கேட்காத ஒன்றுக்காக ஒரு மனிதன் நான்கு வருஷம் தூக்கம் கெடலாமா? கடிகாரம் செய்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஜயன்ட் ஸ்லாலத்தில் ஒரே சரிவில் இரண்டு முறை இறங்க வேண்டும். சிவப்பும் நீலமுமாக மாற்றி மாற்றி நட்ட கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து வர வேண்டும். ஒரு வாயிலைத் தவறவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இரண்டாம் முறை கம்பங்களைப் பிடுங்கி வேறு விதமாக நடுவார்கள், ஆகவே காலையில் பாடம் பண்ணியது மத்தியானம் உதவாது. இரண்டு நேரத்தையும் கூட்டி யார் குறைவு என்று பார்ப்பார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது பந்தயத்துக்கு முந்திய அரைமணி நேரம். வழியை நடைவேகத்தில் பார்வையிட விடுவார்களே தவிர, கம்பங்களுக்கு நடுவே சறுக்கிப் பழக விடமாட்டார்கள். அதனால் ஒவ்வொருவரும் எல்லா வளைவையும் மனப்பாடம் செய்துகொண்டு மேலே வந்து நிற்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் பலகைகளாக நீட்டி, இடது வலது என்று சாய்த்துச் சாய்த்து மனசுக்குள்ளேயே ஒருமுறை மலையிறங்குகிறார்கள். இடுப்பு ஆடுகிறது, முட்டி மடிகிறது, உதடு முணுமுணுக்கிறது. பின்னால் நிற்பவனும் அதையே செய்கிறான். யாரும் யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லை. வெளியாள் ஒருவன் அந்த நேரம் அங்கே போய்ச் சேர்ந்தால் எல்லோருக்கும் சாமி வந்துவிட்டது என்றுதான் நினைப்பான்.

முதல் ஓட்டம் முடிந்தபோது ஃப்ராங்கோ நான்காம் இடம். இரண்டாவதில் உயிரைப் பணயம் வைத்து இறங்கினார். மொத்தம் 2 நிமிடம் 41.41 வினாடி. சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் யூலனுக்கு 2 நிமிடம் 41.18. லிக்டென்ஸ்டைனின் ஆந்த்ரியாஸ் வென்ஸெல் மூன்றாவது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே 0.23 வினாடி, அதாவது இலக்கணப்படி ஒரு மாத்திரை சுமாருக்கு.

ஒரு முனகலையும் இங்கேயே தீர்த்துக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் இந்த வகைப் பந்தயத்துக்கு ராஜா ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க். 1980இல் ஸ்லாலம், ஜயன்ட் ஸ்லாலம் இரண்டிலும் தங்கம் வாங்கியவர். 1984இல் அவரை உள்ளே விடவில்லை. விளம்பரக்காரர்களிடமிருந்து நேரடியாகக் காசு வாங்குகிறார், ஆகவே அவர் அமெச்சூர் இல்லை என்றது சட்டம். காசு வாங்கினால் தோஷம், சுற்றிவளைத்து வாங்கினால் தோஷமில்லை என்ற அந்த வைதிகத்தை ஒலிம்பிக்காரர்கள் பிற்பாடு தாங்களே குப்பையில் போட்டார்கள். ஸ்டென்மார்க் வந்திருந்தால் யூரெக்குக்கு என்ன ஆகியிருக்கும், புரெக் தப்பித்திருக்குமா என்றெல்லாம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

யூலன் பாவம். ஜெயித்தவர் அவர். ஆனால் அவர் பெயருக்கு எதுகையாகச் சாரயேவோவில் எந்தப் பலகாரமும் வாய்க்கவில்லை. அன்று மாலையே ஸெட்ரா அரங்கில் இங்கிலாந்தின் டார்வில், டீன் ஜோடி ராவெலின் இசைக்குப் பனிமேல் ஆடி, கலைக்கான மதிப்பெண்ணில் நடுவர்கள் அத்தனை பேரிடமும் முழு 6.0 வாங்கியது. 1984 சாரயேவோ என்றால் உலகத்துக்கு அந்த ஆட்டம்தான் நினைவு. சாரயேவோவுக்கோ யூரெக்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃப்ராங்கோ போஸ்னியாக்காரர் அல்ல. இத்தாலி எல்லையில், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு புதிதாகக் கட்டிய நோவா கொரிட்சா ஊரில் பிறந்த ஸ்லோவேனியர். பனிச்சறுக்கு என்றாலே யூகோஸ்லாவியாவில் ஸ்லோவேனியர்கள்தான்; ஆல்ப்ஸ் மலை அவர்கள் கொல்லைப்புறம். அந்த ஸ்லோவேனியாவுக்குத் தெற்கிலிருந்து பிழைக்கப் போனவர்கள் தங்களோடு புரெக்கையும் கொண்டுபோனார்கள். தலைநகர் லுப்லியானாவில் ராத்திரி குடித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பசியாற்றியது அது. பசியாற்றினாலும் மரியாதை கிடைக்கவில்லை. 'தெற்கத்தி ஆள்' என்பதற்குப் பதிலாகப் புரெக்கை இழுத்துத் திட்டுகிற வழக்கம் வந்தது. "புரெக்கா? வேண்டாம், நன்றி" என்று ஜெர்மன் மொழியில் சுவரில் எழுதி வைத்தார்கள். யெர்னே ம்லேகுஷ் என்ற ஸ்லோவேனிய ஆய்வாளர் புரெக்கை வைத்தே ஒரு புத்தகம் எழுதினார். ஆக ஒரு ஸ்லோவேனியப் பையனைத் தன் புரெக்குக்கும் மேலே தூக்கி வைத்தது சாரயேவோ. அவன் நாட்டுச் சுவரிலோ அதே புரெக்குக்கு இடமில்லை. தேசங்கள் உடைவதற்கு அரசியல் அறிஞர்கள் ஆயிரம் காரணம் சொல்லட்டும். ஒருவன் சாப்பாட்டைப் பார்த்து இன்னொருவன் மூக்கைப் பொத்துவதை நான் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் வைப்பேன்.

யூகோஸ்லாவியா உடைந்தது. 1992 ஏப்ரலில் தொடங்கிய சாரயேவோ முற்றுகை 1,425 நாள் நீடித்தது. யூரெக்குக்காகக் கத்திய அதே மக்கள்மேல் சுற்றியிருந்த மலைகளிலிருந்து குண்டு விழுந்தது. பனிவண்டிப் பந்தயத்துக்குக் கட்டிய கான்கிரீட் தடம் பீரங்கிக்காரர்களுக்கு அரணாயிற்று. ஸெட்ரா எரிந்தது. அதன் நிலவறை பிணவறையாயிற்று, இருக்கை மரம் சவப்பெட்டிக்குப் போயிற்று, பக்கத்து மைதானத்தில் குழி வெட்டினார்கள். பியெலாஷ்னிட்சாவும் போர்முனையாகி, மலைமேல் இருந்த ஓட்டல் சாம்பலானது. இக்மான் மலையில், ஸ்கை ஜம்பிங் மேடைக்குப் பக்கத்தில், வெற்றி பெற்றவர்கள் ஏறி நிற்கக் கட்டிய 1, 2, 3 படிகள் இன்றும் நிற்கின்றன, துப்பாக்கிக் குண்டு துளைத்த அடையாளத்தோடு.

முற்றுகையில் புரெக் என்ன ஆனது? இறைச்சி இல்லை, எண்ணெய் இல்லை, அடுப்பெரிக்க நாற்காலி போயிற்று, பிறகு புத்தகம் போயிற்று. பூங்காக்களில் செந்தட்டிக் கீரையைப் பறித்துச் சமைத்தார்கள். 1993இல் ஃபாமா என்ற குழுவினர், சுற்றுலாப் பயணிகளுக்கான கையேடு மாதிரியே, சாரயேவோவில் உயிர் தப்பிப் பிழைப்பதற்கு ஒரு வழிகாட்டி அச்சிட்டார்கள். எங்கே தங்கலாம், எப்படிப் போகலாம் என்ற வரிசையில் சமையல் குறிப்பும் உண்டு; நிவாரணப் பால்பவுடரில் சீஸ் செய்வதெல்லாம் அதில் இருக்கிறது. துக்கத்திலும் நக்கலை விடாத ஊர்.

நிவாரணத்தோடு டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சியும் வந்தது, ஐகார் என்ற பெயரில். அதை நாய்கூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் என்று ஊரே சொன்னது. 2007இல் கலைஞர் நெபோய்ஷா ஷெரிச் ஷோபா, அந்த டப்பாவையே பெரிய சிலையாகச் செய்து, வரலாற்று அருங்காட்சியகத்தின் பின்புறம் நிறுத்தினார். சர்வதேச சமூகத்துக்கு நன்றியுள்ள சாரயேவோ குடிமக்கள் எழுப்பியது என்று பீடத்தில் எழுத்து. சிரித்தேன், பிறகு கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இந்த ஊர் பாசத்தையும் அவமதிப்பையும் அளக்க ஒரே படியைத்தான் வைத்திருக்கிறது. 0.23 வினாடி பின்தங்கி வந்த பையனுக்குத் தன் புரெக்கைக் கொடுத்தது. மூன்றரை வருஷத்துக்கும் மேல் வேடிக்கை பார்த்த உலகத்துக்கு, உலகம் அனுப்பிய டப்பாவையே பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது.

பியெலாஷ்னிட்சாவில் மறுபடியும் பனிச்சறுக்கு நடக்கிறது. போகிறவர்கள் குறியிட்ட பாதையை விட்டு ஒரு அடியும் விலக வேண்டாம். அந்த மலைப்பகுதியில் எடுக்காமல் விட்ட கண்ணிவெடிகள் இன்னும் இருக்கலாம் என்ற எச்சரிக்கை உண்டு. ஊருக்குள் இறங்கிய பிறகு கடையில் போய் சீஸ் புரெக் என்று கேட்காதீர்கள். சீஸ் வைத்தது ஸிர்னிட்சா, கீரை வைத்தது ஸெல்யானிட்சா, உருளைக்கிழங்கு வைத்தது க்ரொம்பிருஷா. சைவக்காரர்களுக்கு இந்த மூன்றும் போதும். தயிருக்குத் தனிக் காசு.